லாரிக்குப் பின்னால் 79.6 கிலோமீட்டர்

2007ஆம் ஆண்டு, தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு, காங்கயம் சாலையில் நல்லூரைத் தாண்டிய இடத்தில், எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த லாரியை முந்துவதில்லை என்று முடிவெடுத்தேன். முந்துவதற்கு இடம் இருந்தது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. லாரி ஓட்டுநர் கையை வெளியே நீட்டி, போகலாம் என்று சைகையும் காட்டினார். பதினோரு ஆண்டுகளாக இப்படிப்பட்ட சைகைகளை ஒருமுறைகூட மறுக்காதவன் நான். அன்று மறுத்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. முடிவின் முழுப் பொறுப்பும் என்னுடையது.

கைகாட்டியவர் சற்று நேரம் கையை வெளியிலேயே வைத்திருந்தார். பிறகு உள்ளே இழுத்துக்கொண்டார்.

இந்த வழியில் இதே முறையில் போக நினைக்கும் வாசகர்களுக்காகப் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். பெரிய லாரி ஒன்று வேகமாகப் போகும்போது காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. அதன் முதுகுக்குப் பின்னால் சிறிது தூரத்துக்குக் காற்று அடங்கிய ஓர் இடம் உண்டாகிறது. மோட்டார் சைக்கிளின் பெட்ரோலில் கணிசமான பங்கு காற்றைக் கிழிக்கத்தான் செலவாகிறது. லாரி ஏற்கெனவே கிழித்துவைத்த காற்றில் நாம் போனால் அந்தச் செலவு மிச்சம். சைக்கிள் பந்தயக்காரர்களுக்கு இது காலங்காலமாகத் தெரியும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இணையத்தில் தெரிந்தது.

தெரிந்ததை மறுநாளே இப்ராகிம் பாயிடம் சொன்னேன். பாய் திருப்பூர் காதர்பேட்டையில் பட்டன், ஜிப், லேபிள் விற்கும் கடை வைத்திருப்பவர். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அவர் கடைதான் மாலை நேர மன்றம். மெர்ச்சண்டைசர் என்றால், ஆர்டர் வந்த நாளிலிருந்து சரக்கு கப்பலேறும் நாள்வரை எல்லாவற்றுக்கும் ஓடுகிறவன். ஆகவே என் நூறு சிசி வண்டி என்ன மைலேஜ் தருகிறது என்பது எனக்குப் பொழுதுபோக்கு அல்ல.

"தம்பி, உன் வண்டி அறுபத்திமூணு குடுக்குது. நானே பாத்திருக்கேன்," என்றார் பாய்.

"லாரிக்குப் பின்னால் போனால் எழுபத்தைந்துக்கு மேல் வரும் பாய்."

"எழுபத்தஞ்சு குடுத்தா அது மோட்டார் சைக்கிள் இல்லப்பா. சைக்கிள்."

பந்தயம் அங்கே முடிவானது. ஜெயித்தால், கடையில் சரக்கு விலை எழுதும் வெள்ளைப் பலகையின் உச்சியில் என் மைலேஜை ஒரு மாதம் எழுதி வைக்க வேண்டும். தோற்றால் நான் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. மற்றக் கடைக்காரர்கள் நான் தோற்க வேண்டுமென்று விரும்பியதன் காரணம் எனக்கு அப்போது புரியவில்லை.

சோதனை முறை எக்ஸ்போர்ட் சரக்குக்கு உரிய ஒழுங்கோடு வகுக்கப்பட்டது. மெக்கானிக் முந்தின மாலையே டேங்கைக் காலி செய்தார். ஒரு லிட்டர் பெட்ரோலை அளந்து ஒரு பாட்டிலில் ஊற்றினோம். மூடியின் மேல் அட்டைப்பெட்டி ஒட்டும் டேப்பைச் சுற்றி, பாய் அதில் கையெழுத்திட்டார். காலையில் அவரே வந்து டேப்பைக் கிழித்து டேங்கில் ஊற்றுவார். வண்டி தானாக நிற்கும்வரை ஓட்ட வேண்டும். கூடவே அரை லிட்டர் உபரியாக இன்னொரு பாட்டிலில். சோதனை தொடங்கிய பிறகு லாரி இல்லாமல் ஒரு கிலோமீட்டர் ஓடினாலும் முடிவு செல்லாது என்று ஒரு விதி சேர்த்தோம். அதைச் சேர்த்தவன் நான்.

நாள் குறிக்கும் பொறுப்பை வேலையே எடுத்துக்கொண்டது. எங்கள் முதலாளி பழனிச்சாமி அண்ணன் பதினாறு வருடம் ஜாப் ஒர்க் செய்தவர். அதாவது பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுத்துக் கூலி வாங்கும் தொழில். அந்தத் தை மாதத்தில்தான் அவர் பெயருக்கே நேரடியாக முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்திருந்தது. நாலாயிரத்து எண்ணூறு பனியன்கள். வெள்ளகோவிலில் உள்ள எங்கள் யூனிட்டில் தைத்து, இஸ்திரி போட்டு, பாலிதீன் உறையில் போட்டு எல்லாம் தயார். உறையின் மேல் ஒட்ட வேண்டிய பார்கோடு ஸ்டிக்கர் மட்டும் பெங்களூரிலிருந்து வரவில்லை. அது செவ்வாய் காலை பஸ் பார்சலில் திருப்பூர் வந்து சேரும். வாங்கியவுடன் நான் வெள்ளகோவிலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

வாங்குகிற கம்பெனியின் இன்ஸ்பெக்டர் பத்தரைக்கு வருவார். முழுதாக முடிந்த சரக்கை மட்டுமே பார்ப்பார். அவர் கையெழுத்துப் போட்டால் மாலை ஐந்து மணிக்குக் கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போகும். கப்பல் வியாழக்கிழமை. கப்பல் தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தக் கட்டணம் அண்ணன் தலையில் விழும். பனியனின் விலையும் அந்தக் கட்டணமும் ஏறத்தாழ ஒரே உயரம்.

"கண்ணு, எட்டு மணிக்குள்ள ஸ்டிக்கர் எம்பட கைக்கு வந்துருச்சுன்னா போதும். எட்டுப் பொம்பளைங்க, ரெண்டு மணி நேரம். ஒட்டி முடிச்சிருவாங்க," என்று திங்கள் இரவு அண்ணன் போனில் சொன்னார்.

எட்டுக்கு முன்பே வந்துவிடும் என்றேன். தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. லாரி வேகத்தில் போனாலும் ஒன்றே கால் மணி நேரம். போகும்போது ஏறத்தாழ முக்கால் லிட்டர், மாலையில் திரும்பும்போது மீதி. கம்பெனி வேலையும் அறிவியலும் ஒரே பெட்ரோலில் நடக்கும். இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று அப்போது கணக்குக் காட்டியது.

காலை 5.50க்குப் பார்சல் வந்தது. செருப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டி, மூன்று கிலோ. தூக்கிக்கொண்டு நடந்து போய், முந்தின இரவே பாயிடம் விட்டிருந்த வண்டியின் பின்சீட்டில் ரப்பர் கயிற்றால் கட்டினேன். 6.20க்குப் பாய் கடை வாசலில் டேப் கிழிக்கப்பட்டது. மீட்டர் 31,408.2. பாய் அதைத் தன் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். "பாத்துப் போ தம்பி," என்றார். பந்தயத்தில் எதிரணியில் இருந்தவர் சொன்னது என்பதால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்லூர்வரை நகரத்துக்குள் கிடைத்த ஒரு தண்ணீர் லாரியின் பின்னால் போனேன். விதி விதிதான்.

நல்லூருக்கு அப்பால் கிடைத்த லாரிதான் முதல் பத்தியில் சொன்னது. தேர்ந்தெடுத்ததில் அவசரம் காட்டவில்லை. உயரமான பாரம், தார்ப்பாய் போர்த்தியது. எல்லாம் பனியன் வேஸ்ட் துணி. பதிவெண் டி.என். 47. அது கரூர். கரூர் லாரி கரூர் போகும். கரூர் போகிற லாரி காங்கயம், வெள்ளகோவில் வழியாகத்தான் போயாக வேண்டும். இந்த மூன்று வாக்கியங்களையும் நான் அன்று வரிசையாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பிழை தெரியவில்லை.

இனி பயண அனுபவம். பழங்காலத்து யாத்ரீகர்கள் ஆறுகளையும் கோபுரங்களையும் சந்தைகளையும் எழுதி வைத்தார்கள். நான் நல்லூரிலிருந்து காங்கயம்வரை பார்த்தது ஒரு பலகை. அகலம் ஏறத்தாழ எட்டு அடி. பச்சைப் பெயின்ட், கீழ்ப்பகுதியில் சிவப்புக் கரை. நடுவில் ஒரு தாமரை, அதன் ஐந்தாவது இதழ் உரிந்துபோயிருந்தது. இடது ஓரத்தில் தார்ப்பாய்க் கயிற்றின் நுனி ஒன்று தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. வலது ஓரத்தில் சிவப்பு விளக்கின் கண்ணாடி இருந்தது. உள்ளே பல்பு இருக்கிறதா என்று நான் யோசிக்கவில்லை. தாமரையின் அழகு அப்படி.

நான்கு மீட்டர் இடைவெளிக்கு வந்ததும் அது நடந்தது. காற்று நின்றது. வேகம் ஐம்பது. ஆனால் சட்டைக் காலர் அசையவில்லை. ஹெல்மெட்டுக்குள் வழக்கமாகக் கேட்கும் இரைச்சல் போய், என் மூச்சு எனக்குக் கேட்டது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினேன். வேகம் குறையவில்லை. இன்னும் தளர்த்தினேன். அப்போதும் குறையவில்லை. யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல இருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு குறைந்த முயற்சியில் இவ்வளவு முன்னேறியது எனக்கு அதுவே முதல்முறை.

காங்கயம் வந்ததை உணர்ந்தேன். லாரி மெதுவானது, டீசல் புகையோடு பஜ்ஜி வாசம் வந்தது, ஒரு பஸ் ஹாரன் கேட்டது. தாமரை ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்தது. நானும் சாய்ந்தேன். மணி 7.12.

அதற்குப் பிறகு நீண்ட, அருமையான சாலை. வண்டி பெட்ரோலைக் குடிக்கவே இல்லை என்று சத்தியம் செய்வேன். இருபத்து நான்கு நிமிடம் இப்படிப் போனபோது தாமரை திடீரென்று பெரிதாகத் தொடங்கியது.

பெரிதாவது தாமரை அல்ல, நான்தான் அதை நோக்கிப் போகிறேன் என்று புரிந்துகொள்ள எனக்கு ஆன நேரத்தில் முக்கால் இடைவெளி தீர்ந்துவிட்டது. சிவப்பு விளக்கு எரியவில்லை. இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். பின்சக்கரம் தேய்த்துக்கொண்டு இடப்பக்கம் ஓடியது. நின்றபோது முன்சக்கரம் லாரியின் பம்பருக்கு அடியில் இருந்தது. ஹெட்லைட்டுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு கை நுழையலாம். நுழைத்துப் பார்த்தேன். 

முன்னால் செம்மறி ஆட்டு மந்தை ஒன்று சாலையைக் கடந்துகொண்டிருந்தது. ஆடு ஏதும் அடிபட்டதா என்று பார்க்க ஓட்டுநர் இறங்கினார். லாரியைச் சுற்றிப் பின்பக்கம் வந்தவர் என்னைப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், தோளில் துண்டு. பெயர் நாச்சிமுத்து என்று பிறகு சொன்னார். 

"ஏனுங்க," என்றார். "ஊட்டுல ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

"இல்லீங்க."

"கடன் கிடன்?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அப்பறம் எதுக்குங்க எம்பட பம்பருக்கடியில வந்து உழுகறீங்க? சாகறதுக்கு நல்ல லாரியே கெடைக்கலீங்களா உங்களுக்கு?"

காற்று, வெற்றிடம், பெட்ரோல் ஆகியவற்றைப் பற்றி விளக்கினேன். முழுதும் கேட்டார். கொங்கு மண்டலத்தில் எவ்வளவு கோபத்திலும் எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருப்பார்கள்.

"அப்ப, நல்லூருல இருந்து நான் உங்கள இழுத்துட்டு வந்திருக்கறன்."

"இழுக்கலீங்க. காற்றைத் தள்ளிக்கிட்டுப் போறீங்க, அதுல நான் சும்மா…"

"உங்குளுக்குப் பெட்ரோல் மிச்சமுங்க. எனக்கு டீசலு?"

"உங்களுக்கு ஒண்ணும் குறையாதுங்க."

"ஒருத்தனுக்கு மிச்சமானா இன்னொருத்தனுக்குக் கொறயாம எப்படீங்க?" என்றார். இதற்கு இயற்பியலில் பதில் உண்டு. 

பிறகு அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பிரேக் லைட் ஆடி மாதத்திலிருந்து எரியவில்லை. சாலையில் குழியோ கல்லோ இருந்தால் அவர் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுவிட்டுப் போய்விடுவார், பின்னால் இருப்பவனுக்கு அது சக்கரத்துக்கு வந்த பிறகுதான் தெரியும். ரீட்ரேட் போட்ட, அதாவது பழைய டயர்மேல் புது ரப்பர் ஒட்டிய டயர் கிழிந்தால் அந்த ரப்பர் பட்டை பின்பக்கம்தான் பறக்கும். கடைசியாக, இரண்டு கண்ணாடியிலும் நான் தெரியவில்லை. "எனக்கு நீங்க இல்லவே இல்லீங்க," என்றார். "நல்லூருல கை காட்டுனன். போவீங்கன்னு பாத்தன். காணோம். செரி, எங்கியோ திரும்பிட்டாருன்னு நெனச்சனுங்க."

நன்றி சொல்லிவிட்டு, வெள்ளகோவில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டேன்.

நாச்சிமுத்து என்னையும் வண்டியையும் பின்சீட்டுப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "வெள்ளகோவிலுங்களா? இது தாராபுரம் ரோடுங்க. அந்தா ஊதியூர் மல."

திரும்பிப் பார்த்தேன். மலை இருந்தது. காங்கயத்திலிருந்து வெள்ளகோவில் போகும் சாலையில் மலை கிடையாது. இந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதைவிடத் தெளிவான கைகாட்டி வேண்டியதில்லை. அந்த மலையைக் கடந்துதான் இரண்டு கிலோமீட்டர் வந்திருக்கிறேன்.

"வண்டி டி.என். நாற்பத்தேழு போட்டிருக்கே? கரூர் போகலையா?"

"கரூர்க்காரர்கிட்ட வாங்குன வண்டிங்க. நாலு வருசமாச்சு. நான் மதுரைக்குப் போறனுங்க." ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியவர் தலையை வெளியே நீட்டினார். "இப்பவாச்சும் முன்னாடி போயிருங்க சார். நான் பாத்து நிம்மதியாப் போறன்."

மணி 7.50. மீட்டர்படி 43.5 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நேராகத் திரும்பினால் காங்கயம் பதினாறு, அங்கிருந்து வெள்ளகோவில் இருபத்திரண்டு. 8.35க்குப் போய்விடலாம். எட்டுப் பெண்கள், இரண்டு மணி நேரம், 10.35. இன்ஸ்பெக்டருக்கு ஒரு காபி கொடுத்தால் ஐந்து நிமிடம் தாங்குவார். எல்லாம் சரிதான். ஆனால் லாரி இல்லாமல் ஒரு கிலோமீட்டர் ஓடினாலும் முடிவு செல்லாது என்று ஒரு விதி இருந்தது.

43.5 கிலோமீட்டர் ஓடியும் டேங்கை ஆட்டிப் பார்த்தால் பெட்ரோல் சப்தம் கனமாகக் கேட்டது. வரலாற்றில் இந்த வண்டி இப்படி ஓடியதில்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு லாரி வந்துவிடும். ஐந்து நிமிடம் என்பது ஒரு காபி. டிராக்டரும் பாரம் ஏற்றுவதுதான் என்று விதிக்குப் பொருள் சொல்லிக்கொண்டு, ஊதியூர்வரை உருட்டாத குறையாக ஒரு டிராக்டரின் பின்னால் போய், டீக்கடை ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன்.

காங்கயம் பக்கம் போகும் லாரிக்காக முக்கால் மணி நேரம் நின்றேன். வரவில்லை என்று சொல்ல முடியாது. தகுதியானது வரவில்லை. தேங்காய் ஏற்றிய மினி லாரி வந்தது. உயரம் போதாது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வந்தது. அதன் பின்புறம் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அதற்குள் என் கற்பனை வளர்ந்திருந்ததால் விட்டுவிட்டேன். பஸ் நின்று நின்று போகும். வைக்கோல் லாரி ஒன்று எல்லா வகையிலும் உயர்ந்தது, அதில் பாதி வைக்கோல் காற்றில் வந்துகொண்டிருந்தது.

"பஸ்ஸுக்கா நிக்கறீங்க?" என்றார் டீ மாஸ்டர்.

"லாரிக்குங்க."

அவர் என் வண்டியைப் பார்த்தார். "வண்டி ஓடலீங்களா?"

"ரொம்ப நல்லா ஓடுதுங்க."

அதற்குப் பிறகு டீக்கு அவர் காசை முதலிலேயே வாங்கிக்கொண்டார்.

அண்ணன் போன் செய்தார். 8.05க்கு ஒன்று, 8.20க்கு ஒன்று, 8.40க்கு ஒன்று.

"எங்க கண்ணு இருக்கற?"

"வந்துட்டே இருக்கேனுங்ணா."

"காங்கயந் தாண்டிட்டயா?"

"தாண்டிட்டேனுங்ணா." இது உண்மை. தாண்டிய திசையை அவர் கேட்கவில்லை.

8.45க்கு வந்தது, தூத்துக்குடியிலிருந்து காலியாகத் திரும்பும் ஒரு கண்டெய்னர் லாரி. சதுரமான, பிரமாண்டமான, இரும்பாலான முதுகு. இடைவெளியை ஆறு மீட்டராக வைத்துக்கொண்டேன். நாச்சிமுத்து சொன்னதற்கு மரியாதை செய்யும் விதத்தில். இரண்டு மீட்டர் தள்ளியதிலேயே காலர் கொஞ்சம் அசைந்தது. மூன்று கிலோமீட்டருக்குப் பிறகு மரியாதையை நான்கு மீட்டராகக் குறைத்துக்கொண்டேன். 9.06க்குக் காங்கயம். இந்தமுறை திருப்பத்தைக் கண்ணால் பார்த்தேன். அங்கே பத்தொன்பது நிமிடம் நின்று, வெள்ளகோவில் போகும் தவிட்டு லாரி ஒன்றைப் பிடித்தேன். எங்கே போகிறீர்கள் என்று ஓட்டுநரிடம் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டேன். மனிதன் அனுபவத்தால் வளர்கிறான். தவிடு மட்டும் வழியெல்லாம் கண்ணில் வந்துகொண்டிருந்தது.

9.50க்கு, வெள்ளகோவிலுக்கு 1.9 கிலோமீட்டர் முன்பு, எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது.

ஓரம் கட்டி மீட்டரைப் பார்த்தேன். 31,487.8. ஒரு லிட்டரில் 79.6 கிலோமீட்டர். அறுபத்திமூன்று என்று ஊர் சொன்ன வண்டி. சாலையோர வேப்பமரத்தடியில் தனியாக நின்றுகொண்டு இரு கைகளையும் மேலே தூக்கினேன். இதை மறைக்க விரும்பவில்லை. உயரமான மலைகளின் உச்சியில் நின்றவர்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே தவிடு கிடையாது.

செல்போனில் மீட்டரைப் படம் எடுத்தேன். இடப்பக்கம் எருமைக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். படத்தை மட்டும் வைத்துப் பாய் ஒப்புக்கொள்வாரா என்ற கவலை. வந்தார். மீட்டரைப் படித்தார். சரியாகவே படித்தார். என் டைரியில் எண்ணை எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னதும் இரண்டடி பின்னால் போனார்.

"கையெழுத்தெல்லாம் போடறதில்லீங்க சாமி."

"மைலேஜுக்குங்க. வேற ஒண்ணும் இல்லீங்க."

"அப்படித்தானுங்க எங்க பங்காளிகிட்டயும் சொன்னாங்க. இப்பக் காட்டச் சுத்தி வேலி போட்டு கம்பெனி கட்டிட்டாங்க." அறுத்த புல்லை அள்ளிக்கொண்டு, கிணற்றுப் பக்கமாக என்னைத் திரும்பிப் பார்த்தபடியே போனார்.

உபரி அரை லிட்டரை ஊற்றிக் கிளம்பும்போது 10.04. யூனிட் வாசலில் 10.08.

எட்டுப் பெண்களும் பேக்கிங் மேசையைச் சுற்றிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேற்பார்வை பார்க்கும் ஜெபமணி அக்கா சாத்தான்குளத்துக்காரர், திருப்பூர் வந்து பத்து வருடமாகியும் தெற்கத்திப் பேச்சு மாறாதவர். எழுந்து வந்து பெட்டியை வாங்கினார். என் முகத்திலிருந்த தவிட்டைப் பார்த்தார்.

"என்ன சார், வண்டிய தலையில வச்சு நடந்தா வந்திய?"

அண்ணன் பெட்டியின் டேப்பைப் பல்லால் கடித்துப் பிரித்தார். அவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒட்டத் தொடங்கினார். நானும் உட்கார்ந்தேன். பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டுவது கைப்பழக்கம். என்னுடையவை கோணலாக இருந்ததால் அக்கா எடுத்துத் திரும்ப ஒட்டினார். பத்தரைக்கு இன்ஸ்பெக்டரின் கார் வந்தது. அவர் கோபக்காரர் அல்ல. அடுக்கி வைத்திருந்த உறைகளைப் பார்த்தார், ஒட்டாதவற்றைப் பார்த்தார், பைலை மூடினார். "முடிஞ்சதும் சொல்லுங்க சார். வெள்ளிக்கிழமை இந்தப் பக்கம் வர்றேன்," என்று சொல்லிவிட்டு 10.50க்குக் கரூர் போய்விட்டார்.

மாலையில் திருப்பூர் திரும்பியதும் பாய் படத்தைப் பார்த்தார், பில் புத்தகத்தில் கழித்துப் பார்த்தார், பலகையில் 79.6 என்று எழுதினார். சாட்சி கேட்கவில்லை. எழுதியதை ஒரு மாதம் யாரும் அழிக்கவில்லை. ஜிப் வாங்க வந்தவர்களில் மூன்று பேர் அதை டஜன் விலை என்று நினைத்துப் பேரம் பேசினார்கள்.

இனி, போக விரும்புகிறவர்களுக்கு. கணக்கு எளிதாக இருக்கப் பெட்ரோலை லிட்டர் ஐம்பது ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். 79.6 கிலோமீட்டருக்கு வழக்கமாக அறுபத்து மூன்று ரூபாய் பதினேழு காசு ஆகியிருக்கும். ஆனது ஐம்பது. மிச்சம் பதின்மூன்று ரூபாய் பதினேழு காசு. வழி தவறிய முப்பத்திரண்டு கிலோமீட்டரை நான் செலவில் சேர்க்கவில்லை. அது ஓட்டியவனின் பிழை, முறையின் பிழை அல்ல. ஊதியூரில் குடித்த மூன்று டீயும் அப்படியே.

பிறகு நடந்த ஒரு சிறு விஷயத்தையும் நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். லாரியே இல்லாமல் அதே வேகத்தில், ஐம்பதைத் தாண்டாமல், அதட்டாமல் ஓட்டினால் என்ன வரும் என்று என் மெக்கானிக் கேட்டார். பொறாமை என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்ததில் 74 வந்தது. அதாவது லாரி எனக்குக் கொடுத்தது ஐந்தரை கிலோமீட்டர். மீதி, மெதுவாகப் போனதற்குக் கிடைத்த கூலி. அந்த ஐந்தரையும் நான்கு மீட்டர் இடைவெளியில் மட்டுமே கிடைக்கும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் பதினான்கு மீட்டர் போகும். நான்கு மீட்டர் என்பது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மனிதன் பிரேக்கை நினைப்பதற்கே அதைவிட அதிக நேரமாகும். நிறுத்த முடிகிற தூரத்தில் நின்றால் காற்று முகத்தில் அடிக்கும், மிச்சம் இருக்காது. மிச்சம் இருக்கிற இடத்தில் நிறுத்த முடியாது. ஆகவே மெதுவாகப் போங்கள், லாரி கை காட்டினால் முந்திக்கொள்ளுங்கள், பதிவெண்ணை வைத்து யாருடைய ஊரையும் தீர்மானிக்காதீர்கள். ஊதியூர் டீ நன்றாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு வந்த கண்டெய்னர் காலியாகத் திரும்பியது. நாலாயிரத்து எண்ணூறு பனியன்களும் ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து விமானத்தில் போயின. பழனிச்சாமி அண்ணன் மாசியிலிருந்து மறுபடியும் ஜாப் ஒர்க் எடுக்கிறார்.